சந்தனத்துக்கு அடியில் சேஸிஸ் எண்

ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிய, முதலில் இருந்த அமைப்பு மாறாத கார்களைப் பழம்பெரும் வாகனம் என்று பதிவு செய்துகொள்ளலாம் என மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. விண்ணப்பம் சரியாக இருந்தால் அறுபது நாட்களுக்குள் பதிவுச் சான்றிதழ் தரவேண்டும் என்பதும் அதே விதிதான். அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விதியை முதலில் எழுதிவிடுவது பழக்கம். பின்னால் நடந்ததை அளக்க ஒரு கோல் வேண்டுமல்லவா?

அப்படிப் பதிவான வண்டி எங்கெல்லாம் போகலாம் என்றும் விதி சொல்கிறது. கண்காட்சிக்குப் போகலாம். பழைய கார்களின் அணிவகுப்புக்குப் போகலாம். பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் போகலாம். மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய் வெண்பூசணி வாங்கி வருவது அந்தப் பட்டியலில் இல்லை.

அப்பாவின் கார் பெரும்பாலும் அதற்குத்தான் போயிருக்கிறது. பம்பாய் டாக்சிகள் எல்லாம் ஒரு காலத்தில் எந்த வகையாக இருந்தனவோ அதே வகை. டாக்சிக்குக் கூரை மஞ்சள், எங்கள் வண்டிக்குக் கூரையும் கறுப்பு. மழையில் கூரையை யார் பார்க்கிறார்கள்? ஒரு முறை கிங்ஸ் சர்க்கிளில் அப்பா வண்டியை நிறுத்தியபோது ஒருவர் பின்கதவைத் திறந்து ஏறி, "மாஹிம் சலோ" என்று குடையை மடக்கினார். முன் சீட்டில் அம்மா. அப்பா ஒன்றும் சொல்லாமல் மாஹிம் வரை கொண்டுபோய் விட்டார். இறங்கும்போது மீட்டரைத் தேடியபோதுதான் அந்த மனிதருக்கு விஷயம் புரிந்தது. "நமக்கென்ன, போற வழிதானே" என்றார் அப்பா. உண்மையில் அவர்கள் போகவேண்டியிருந்தது எதிர்த்திசையில், சயானுக்கு.

கண் மங்கிய பிறகு அப்பா ஓட்டுவதை நிறுத்தினார். வண்டி மாட்டுங்காவில் எங்கள் கட்டிடத்தின் பின்புறக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. அவர் போன பிறகும் நின்றது. ஆயுத பூஜை மட்டும் ஒரு வருஷமும் தவறியதில்லை. சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. எல்லோரும் வண்டியின் நெற்றியில் பொட்டு வைப்பார்கள். அப்பா பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்குப் பின்னால் தகட்டில் அடித்திருக்கும் சேஸிஸ் எண்ணின்மேல் வைப்பார். ஏன் என்று கேட்டதற்கு, "அர்ச்சனை பண்றச்சே பேர், நட்சத்திரம் சொல்லாம பண்ணுவியோ? வண்டிக்கு இதுதான்டா நட்சத்திரம்" என்றார். அவருக்குப் பிறகு நானும் அங்கேயே வைத்தேன். பழையதைத் துடைத்துவிட்டுப் புதியதை வைக்கவேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

போன மழைக்காலத்தில் கட்டிடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவது என்று முடிவாயிற்று. நாங்கள் செம்பூரில் வாடகை வீடு பார்த்தோம். அங்கே ஸ்கூட்டர் நிறுத்தவே இடமில்லை. கட்டிடம் காலியாகும்போது கொட்டகையும் காலியாகவேண்டும். பழைய இரும்பு வாங்குகிறவர் ஒருவர் வந்து, தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து, எங்களுக்கு உதவி செய்கிற முகத்துடன் எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

நெருளில் இருக்கும் என் தங்கைக்கு அன்றே செய்தி போய்விட்டது.

"அண்ணா, அந்த வண்டியிலதான் நான் கிளட்ச்சும் பிரேக்கும் கத்துண்டேன். அதை எடைக்குப் போட்டேன்னா உன்னோட பேசவே மாட்டேன்."

"நீ பேசாம இருந்து நான் பாத்ததே இல்லையே."

"விளையாடாதே. எங்க பில்டிங்ல கீழ எனக்கு ஒரு பார்க்கிங் சும்மா கிடக்கு. எப்படியாவது இங்க கொண்டுவந்து சேர்த்துடு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அந்த 'எப்படியாவது'தான் சிக்கல். வண்டி அப்பா பெயரில் இருந்தது, பதிவு எப்போதோ காலாவதியாகிவிட்டது. பதிவில்லாத வண்டியைத் தெருவில் ஓட்ட முடியாது. பழம்பெரும் வாகனமாகப் பதிவானால் வண்டி எங்களுடையது, ஆகாவிட்டால் இரும்பு. வாரிசுகள் நாங்கள் இருவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி அவளுக்கு என்று வாய்மொழியாக ஒப்புக்கொண்ட பிறகே என் பெயருக்கு மாற்றக் கையெழுத்துப் போட்டாள்.

வண்டியை டெம்போவில் ஏற்றி ஆண்டாப் ஹில்லில் ஒரு பட்டறையில் இறக்கினோம். பட்டறை என்றால் ஒரு தகரக்கூரையும் அதன் முன்னால் தெருவும். மெக்கானிக் தாராவியில் குடியிருப்பவர், திருநெல்வேலிப் பக்கம். பானெட்டைத் திறந்ததும் அவர் கொடுத்த முதல் யோசனை இது:

"சார், இந்தக் கெழட்டு இஞ்சினோட எதுக்கு மல்லுக்கட்டணும்? எங்கிட்ட வேற இஞ்சின் ஒண்ணு கெடக்கு. மாட்டிருதேன். ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸா ஓடும்."

"இன்ஜினை மாத்தினா பதிவு கிடையாதுப்பா. பழசே இருக்கணும்."

"அப்போ ஓடாத இஞ்சின்னா சரி, ஓடுத இஞ்சின்னா தப்பாக்கும்? நல்லாருக்கு சார் ஒங்க கவர்மெண்டு!"

"என் கவர்மெண்ட் இல்லை. நான் ரிட்டயர் ஆயாச்சு."

முதலில் கார்பரேட்டர்தான் கோளாறு என்று சத்தியம் செய்தார். கழற்றிப் பூட்டினார், வண்டி அசையவில்லை. பிறகு பெட்ரோல் பம்ப்பின்மேல் சத்தியம் செய்தார். அதுவும் இல்லை. கடைசியில் டாங்கியில் மிச்சமிருந்த பழைய பெட்ரோல் பிசினாக இறுகிக் குழாயை அடைத்திருந்தது தெரிந்தது. "நான் அப்பவே நெனச்சேன்" என்றார். எப்போது என்று நான் கேட்கவில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் இன்ஜின் பிடித்தது. இருமியது, நின்றது, மறுபடி இருமியது, பிறகு நிற்காமல் ஓடியது. தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். நான் ஹாரனை அழுத்தினேன். யாரோ மூக்கைப் பிடித்துக்கொண்டு புகார் சொல்வது போன்ற அந்தக் குரல் மாறவே இல்லை. தங்கைக்கு ஃபோனிலேயே கேட்கவைத்தேன். "இன்னொரு தரம் அடி" என்றாள். அடித்தேன். "இன்னொரு தரம்."

ஓடுகிற வண்டிக்குப் பூஜை செய்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அந்த வருஷம் சந்தனத்தைத் தாராளமாகவே குழைத்தேன். பானெட்டைத் திறந்து வழக்கமான இடத்தில் வழித்து அப்பினேன். விதிகள் எல்லாவற்றையும் அடிக்கோடிட்டுப் படித்தவன், விண்ணப்பத்தை இரண்டு நகலோடு சமர்ப்பித்தவன், சேஸிஸ் எண்ணைச் சரிபார்க்க ஆய்வாளர் வரப்போகிறார் என்று தெரிந்தவன், அந்த எண்ணின்மேலேயே அப்பினேன்.

ஆய்வாளர் ஓர் இளம் பெண். பதிவில்லாத வண்டியை ஓட்டிக்கொண்டு வர முடியாது என்று நான் எழுதிக் கொடுத்திருந்ததால் அவரே பட்டறைக்கு வந்தார். எண்ணின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பது வழக்கம். தாளும் கையுமாகக் குனிந்தவர் நிமிர்ந்தார்.

"காகா, ஹே காய்?" இது என்ன என்று மராத்தியில் கேட்டார்.

மஞ்சளும் சிவப்புமாக ஒரு கட்டி. வருஷத்துக்கு ஒரு அடுக்கு வீதம் காய்ந்து கல்லாகியிருந்தது. பூஜை என்றேன். எண்ணைப் படிக்க இயலவில்லை என்று அவர் ஒரு வரி எழுதினால் போதும். எண்ணைப் புதிதாக அடிக்கச் சொல்வார்கள். புதிதாக அடித்தால் பழைய அமைப்பு மாறாத வண்டி என்று சொல்ல முடியாது. பதிவு கிடைக்காது. பிறகு வண்டியை எடைக்குப் போட வேண்டியதுதான். சுரண்டி எடுத்தால் எண்ணைத் திருத்தியதாகச் சந்தேகம் வரும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். தெரியாதவனாக இருந்திருந்தால் அந்த நிமிஷம் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அவர் எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். "மேரி ஆயீ பீ யஹீ கர்தி ஹை, காகா." அவருடைய அம்மாவும் இதையேதான் செய்வாராம்; தசராவுக்கு மகளின் ஸ்கூட்டர் நம்பர் பிளேட்டில் பூசுகிற குங்குமத்தில் பாதி எண் தெரியாதாம். ஆய்வாளரின் வண்டியே அப்படி. "இங்கே யாரும் தொடாதீர்கள். அடுத்த வாரம் வருகிறேன், என் கண்முன்னால் எடுங்கள்" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் என் தங்கை நெருளிலிருந்து தேங்காயெண்ணெயும் பஞ்சும் ஒரு ஃப்ளாஸ்க் வெந்நீரும் எடுத்துக்கொண்டு வந்தாள். மெக்கானிக் கம்பி பிரஷ்ஷோடு காத்திருந்தார்.

"நீங்க தள்ளுங்கம்மா, ரெண்டே இழுப்பு."

"நஹி!" என்றார் ஆய்வாளர்.

"நம்பரையும் சேர்த்து இழுத்துடுவீர்" என்றாள் தங்கை.

வீட்டில் வெள்ளிப் பிள்ளையாருக்குப் போன வருஷத்துச் சந்தனத்தை எடுப்பது போலத்தான் எடுத்தாள். எண்ணெயில் ஊறவிட்டு, வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி, மறுபடி எண்ணெய் விட்டு. மஞ்சள் கரைந்தது, சிவப்பு, மறுபடி மஞ்சள். மேலே இருந்தவை நான் பூசியவை. ஓர் இடத்துக்குப் பிறகு சந்தனத்தின் நிறம் கொஞ்சம் கறுத்திருந்தது. அது அப்பா கல்லில் அரைத்தது. நான் கடையில் பொடியாக வாங்குகிறவன். அவளும் கவனித்தாள். அதுவரை பஞ்சைக் கீழே போட்டுக்கொண்டிருந்தவள், அந்தப் பஞ்சுகளை மட்டும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

எண் ஒவ்வொன்றாக மேலே வந்தது. சுற்றியிருந்த தகடெல்லாம் துரு, எண்ணின்மேல் துரு இல்லை. அப்பா காப்பாற்றினார் என்று தங்கை சொல்கிறாள். இன்ஜினின் எண்ணெய்ப் பசை காப்பாற்றியது என்று மெக்கானிக் சொல்கிறார். இரண்டு கருத்துகளையும் நான் பதிவு செய்துகொண்டேன். ஆய்வாளர் பென்சிலால் தேய்த்தார். அப்பாவின் பழைய ஆர்.சி. புத்தகத்தில் இருந்த எண்ணோடு ஒத்துப்போயிற்று. "டீக் ஆஹே, காகா", சரியாக இருக்கிறது என்றார். அவருக்கு நான் காப்பி வாங்கிக் கொடுக்க முயன்றேன். விதிப்படி கூடாது என்றார். விதியை என்னிடமே சொன்னார்! சந்தோஷமாக இருந்தது.

அதன்பிறகு காத்திருப்பு. அறுபது நாள் வந்தது, போனது. நாங்கள் செம்பூருக்கு மாறினோம், மாட்டுங்காக் கட்டிடத்தைச் சுற்றித் தகர வேலி எழுந்தது. முகவரி மாற்றத்தை அலுவலகத்துக்கு எழுதினேன். நினைவூட்டல் எழுதினேன். நினைவூட்டலுக்கு நினைவூட்டல் எழுதினேன். இதற்கிடையில் ஆண்டாப் ஹில் தெருவில் கேட்பாரற்று நிற்கும் வண்டிகளைத் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். முதலில் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டுவார்கள், பிறகு கிரேன் வரும். பக்கத்தில் நின்ற ஒரு வேன் அப்படித்தான் போயிற்று.

எங்கள் வண்டியில் நோட்டீஸ் ஒட்டப்படவில்லை. காரணம் மெக்கானிக். தினம் காலையில் அதை நாலு அடி தள்ளி நிறுத்துவார். டாஷ்போர்டின்மேல் அன்றைய தமிழ்ப் பேப்பரை விரித்து வைப்பார். மத்தியானச் சாப்பாடு முன் சீட்டில், தூக்கம் பின் சீட்டில். கிரேன்காரர்கள் எட்டிப் பார்த்தபோது, "ஆத்மி ஹை, பாய்", உள்ளே ஆள் இருக்கிறது என்று படுத்தபடியே கையைத் தூக்கிக் காட்டினாராம். நான் கேட்டுக்கொண்டதில்லை இது. அவருக்கு இருந்த வேலைக்கு அந்த இடத்தில் காசு தரும் இன்னொரு வண்டி நின்றிருக்கலாம்.

"ஒங்களுக்காகன்னு நெனச்சுக்கிடாதீய சார்" என்றார். "இந்தச் சீட்டுல படுத்தா இடுப்பு வலிக்கல."

தங்கை தினம் கேட்டாள். சான்றிதழ் வந்தாலும் நெருளுக்கு ஓட்ட விதியில் இடமில்லை என்று விளக்கினேன். "பெட்ரோல் போடப் போகலாம்தானே? நெருள்லயும் பங்க் இருக்கு, அண்ணா" என்றாள். வேலை பார்த்த காலத்தில் இப்படி ஓர் உதவியாளர் கிடைத்திருந்தால் நான் இன்னும் மேலே போயிருப்பேன்.

காப்பிப் பொடிக்கு மட்டும் நான் இன்னமும் மாட்டுங்காதான். எங்கள் பழைய கட்டிடத்துக்கு எதிர்க் கடை. அன்று பொடியை அரைக்கக் கொடுத்துவிட்டு நின்றபோது, கடைக்காரர் தராசுக்கு அடியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தார். முகவரி மாற்றம் பற்றிய என் கடிதத்தை அலுவலகத்தில் யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது. இல்லாத கட்டிடத்துக்குப் பதில் வந்திருந்தது. தபால்காரர் தகர வேலியைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பாமல், எதிர்க்கடையில் கேட்டிருக்கிறார்.

"நம்ம கார் மாமாவுக்குத்தானேன்னு வாங்கி வெச்சேன்" என்றார் கடைக்காரர்.

அங்கேயே பிரித்தேன். பதிவுச் சான்றிதழ். என் பெயர், அப்பா பெயர், அந்த எண், எழுத்துப் பிசகாமல். முதலில் மெக்கானிக்குக்குச் சொன்னேன். இனிமேல் வண்டிக்குள் தூங்கவேண்டாம் என்றேன். "இன்னைக்கு ஒருநா தூங்கிக்கிடுதேன் சார்" என்றார். தங்கை ஃபோனில் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு, "டாங்கியில பெட்ரோல் கம்மியா இருக்கா?" என்றாள். மிகவும் கம்மி என்றேன்.

கடைக்காரரிடம் பேனா வாங்கி, பழைய பழக்கத்தில், உறையின் மூலையில் குறித்தேன். கிடைத்த நாள்: தை மாதம், கடைசி வெள்ளிக்கிழமை.