மூன்றாம் படியில் கட்டிய சிவப்புத் துணி

மூன்றடி உயரத்திலிருந்து விழுந்தால் அதை யாரும் விபத்து என்று சொல்வதில்லை. எங்கள் மேனேஜரும் சொல்லவில்லை. "கட்டில்ல இருந்து உழுகற ஒசரந்தானுங்க இது" என்று சிரித்தார். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

தொண்ணூறுகளில் போத்தனூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தேன். குடோனில் இருந்த மர ஏணியின் மூன்றாம் படி விரிசல் விட்டிருந்தது. மாற்றித் தரச் சொன்னோம். "பூஜை கழியட்டுமுங்க, மாத்திப்போடலாம்" என்றார் சூப்பர்வைசர். அதுவரை யாரும் மிதித்துவிடக் கூடாதென்று, என்னோடு வேலை செய்த அக்கா அந்தப் படியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவைத்தார்.

ஆயுத பூஜைக்கு மில்லையே கழுவினோம். ஏணி என் பங்கு. சாமி கும்பிடும் இடத்தில் அழுக்குத் துணி எதற்கென்று அவிழ்த்து எறிந்தேன். படிக்குப் படி சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தேன். விரிசல் தெரியாதபடி அங்கே கொஞ்சம் தாராளமாகவே பூசினேன். பூஜை முடிந்ததும் வேறு துணி கட்ட நினைத்தேன். பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

லீவு முடிந்த முதல் நாளே அக்கா ஏறினார். படி முறிந்தது. சிமெண்டுத் தரையில் இடுப்பு அடிபட விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கினேன். அவர் உள்ளங்கையில் நான் பூசிய சந்தனம் ஒட்டியிருந்தது.

மில்லில் எழுதிய ரிப்போர்ட்டில் ஏணியே இல்லை. தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதியிருந்தார்கள். ஏணி உடைந்தது என்று இருந்திருந்தால், அக்காவுக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலையாவது கொடுத்திருப்பார்கள். சாட்சிக் கையெழுத்து என்னிடம் கேட்டார்கள். ஏணியைப் பற்றிப் பேசினால் துணியைப் பற்றியும் பேச வேண்டிவரும். வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் அக்கா கேட்டார்: "துணியக் காணோம், செரி, படிய மாத்திப்போட்டாங்கன்னு நெனச்சு ஏறிப்போட்டேன் கண்ணு. அத ஆரு அவுத்தாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியலீங்கக்கா" என்றேன்.

இடுப்பு சரியாகவே இல்லை. அக்கா மறுபடி வேலைக்கு வரவில்லை. அடுத்த வருஷம், முறிந்த படிக்கு மரப்பட்டை வைத்து ஆணி அடித்த அதே ஏணியை என்னிடமே கழுவக் கொடுத்தார்கள். கழுவிச் சந்தனமும் வைத்தேன்.

மேனேஜரை நான் திட்டாத நாள் இல்லை. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னது அவர் இல்லை, நான்.