முனியப்பனைக் குளிப்பாட்டியவள்

என்னை யாராவது பாராட்டினால் இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. போன மாதம் ஒரு கூட்டத்தில், புத்தரையும் மலையையும் இரண்டு கண்களாகக் காத்தவர் என்று ஒருவர் மைக்கில் முழங்கினார். சால்வை போட்டார்கள். "எதைக் காத்தேன்? ஒரு மரத்தைக் காட்டுங்கள்" என்று எழுந்து கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தைரியம் வரவில்லை. சால்வையை மடித்துப் பையில் திணித்துக்கொண்டு ஏற்காடு பஸ்ஸில் ஏறி ஊர் வந்து சேர்ந்தேன். அங்கே விழுங்கியதை இங்கே எழுதிவிடுகிறேன்.

சேலத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவள் நான். பாலி மொழியைத் தனியாகப் படித்துத் தேறினேன். பௌத்தம் எங்கள் வீட்டுக்கு அப்பா காலத்திலேயே வந்துவிட்டது. நம்மை உள்ளே விடாத கோயிலின் சாமி நமக்கு எதற்கு என்று ஒருநாள் சுவரில் இருந்த படங்களையெல்லாம் கழற்றிவிட்டு, ஒரே ஒரு புத்தர் படத்தை மாட்டினார். அதன் கீழே உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினேன். புத்தரை யாராவது வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும். அந்தக் கொதிப்புக்கு ஆராய்ச்சி என்று நல்ல பெயர் கிடைத்திருந்தது.

ஓய்வு பெற்றதும் வெள்ளக்கடைப் பக்கம் சின்ன வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து மலைக்கு வந்தேன். படிக்கவும் எழுதவும் என்று சொல்லிக்கொண்டுதான் வந்தேன். வந்த இடத்தில் சும்மா இருந்தேனா? எஸ்டேட்டில் பழைய நிழல் மரத்தை வெட்டினால் மனு. ஓடையில் ஓட்டல் கழிவை விட்டால் மனு. ஒண்டிக்கடை நாற்சந்தியில் வெயிலில் நின்று, காரில் வருகிறவர்களுக்கெல்லாம் நோட்டீஸ் கொடுத்தேன். டீச்சரம்மா வருது, பிளாஸ்டிக் கவரை உள்ளே தள்ளு என்று கடைக்காரர்கள் கேலி பேசுவார்கள். அதுவும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

என் வீட்டிலிருந்து அரை மணி நேரம் நடந்தால் முனியப்பன் காடு. காடு என்றால் பெரிய காடு இல்லை. நாவலும் காட்டு மாவும் இலுப்பையும் பின்னிக்கொண்டு நிற்கிற ஒரு மலைச்சரிவு, நடுவில் ஓர் ஊற்று. கீழே இருக்கிற முப்பது நாற்பது வீடுகளுக்கும் அவர்களுடைய காபி, ஆரஞ்சு, சாமைக்கும் அந்த ஊற்றுதான் தண்ணீர். அந்தக் காட்டிலிருந்து யாரும் ஒரு சுள்ளி எடுக்க மாட்டார்கள். பாதையில் கிளை விழுந்தால் ஒதுக்கிப் போடாமல் சுற்றிக்கொண்டு நடப்பார்கள். வெளியே வருகிற இடத்தில் நின்று வேட்டியையும் சேலையையும் உதறுவார்கள். ஒட்டிக்கொண்டு ஓர் இலை வீட்டுக்கு வந்துவிட்டாலும் முனி பின்னாலேயே வந்து கேட்பானாம். நானும் உதறினேன். சிரித்துக்கொண்டே உதறினேன். வீட்டுக்கு வந்து 'மக்கள் வழிச் சூழல் பாதுகாப்பு' என்று நோட்டில் எழுதிவைத்தேன்.

பூசாரி என் வயதுக்காரர். அவரும் விவசாயிதான். அமாவாசைக்கு அமாவாசை வந்து முனியப்பனுக்கு எண்ணெய் சாத்துவார், சுருட்டு வைப்பார். வருஷத்துக்கு ஒருமுறை ஊர்கூடிக் கெடா வெட்டும். சிலை இடுப்புவரை மண்ணில் புதைந்து, தலைமுறை தலைமுறையாகச் சாத்திய எண்ணெய் கசடாய் ஏறி, கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தது. உருட்டி விழிக்கிற வெள்ளிக் கண்கள், வெள்ளி மீசை, சிவப்புத் துணி. ஒருநாள் அவர் துணி மாற்றும்போது பக்கத்தில் நின்றேன். மண்விளிம்பில் ஒரு கை தெரிந்தது. இன்னொரு கையின்மேல் மலர்ந்து கிடந்த கை. நிமிர்ந்து காதைப் பார்த்தேன். தோள்வரை தொங்கும் காது. அப்பாவின் படத்தில் இருந்தவர்தான் இங்கே ரத்தத்துக்கும் சுருட்டுக்கும் நடுவில் மீசை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த வருஷம்தான் மேலே இருந்த எஸ்டேட்டைக் கீழே சமவெளியிலிருந்து வந்த பணக்காரர் ஒருவர் வாங்கினார். ஓட்டல் கட்டப் போகிறாராம், அதற்கு ரோடு வேண்டுமாம். அளக்க வந்தவர்கள் முனியப்பன் காட்டு மரங்களில் வரிசையாகச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். நான் தலைகீழாக நின்றேன். பூசாரி அசையவில்லை. முனி பார்த்துக்கொள்வார் என்றார். முனிக்கு ஜேசிபி தெரியுமா என்று நான் நக்கலாகக் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உண்மையில், பெயின்ட் அடிக்க வந்த ஆட்களே வெளியே போகும்போது சட்டையை உதறிவிட்டுத்தான் போயிருந்தார்கள். மரம் வெட்டக் கூலிக்கு ஆள் கிடைக்காமல் அந்தப் பணக்காரரின் மேனேஜர் இரண்டு மாதம் அலைந்தார். அது என் மண்டையில் ஏறவில்லை.

என் மண்டையில் வேறொன்று ஓடியது. இது புத்தர் என்று நிரூபித்துவிட்டால் பழம்பொருள் ஆகிவிடும். சட்டம் வந்து காவல் நிற்கும். சிலையைத் தோண்டி, கசடு எடுத்து, படம் பிடித்துக் கட்டுரை எழுத வேண்டும். பூசாரியிடம் கேட்டேன். ஒரு வாரம் பிடி கொடுக்காமல் இருந்தார். ஊரைக் கூட்டிப் பேசினார். பிறகு என் வீட்டுக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் கேட்டார்.

"ஏனுங்கம்மா, கழுவினா மரத்தை வெட்ட மாட்டாங்க, அப்படித்தானுங்க?"

"ஒரு கிளையைத் தொட முடியாது. அரசாங்கமே காப்பாத்தும்."

"எங்க சாமிக்கு ஒண்ணும் ஆயிடாதுங்களே?"

ஒன்றும் ஆகாது என்றேன். மரத்துக்காகத்தான் கேட்டேனா? பாதிதான் மரத்துக்காக. மீதிப் பாதி அந்த மீசைக்காக. அதைப் பிடுங்கி எறியாமல் எனக்குத் தூக்கம் வராது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

மூன்று நாள் ஆயிற்று. வெந்நீர், சீயக்காய், பழந்துணி, மூங்கில் சிம்பு. ஊரே சுற்றி நின்று பார்த்தது. மீசையை எடுத்தபோது ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெள்ளிக் கண்களையும் பெயர்த்தேன். அடியில் பாதி மூடிய இமைகள். கசடு கரையக் கரைய அந்த முகம் வெளியே வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன். அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் கைகூப்பவில்லை.

வாயைப் பொத்தியிருந்த பெண்தான் கேட்டாள். "கண்ணை மூடிட்டு இருக்காருங்களே. எங்களை எப்படிங்க பாப்பாரு?"

வகுப்பு எடுக்க இடம் கிடைத்தால் விடுவேனா? இவர் முனி இல்லை, புத்தர், கருணையே வடிவானவர் என்று ஆரம்பித்தேன். கெடா கேட்க மாட்டார். யார் பின்னாலும் வர மாட்டார். யாரையும் தண்டிக்க மாட்டார். இனிமேல் நீங்கள் எதற்கும் பயப்பட வேண்டியதில்லை. அரை மணி நேரம் பேசினேன். நன்றாகவே பேசினேன். கேட்டவர்கள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. புத்தரின் தம்மம் இறங்குகிறது என்று பூரித்துப்போனேன்.

கட்டுரை வெளிவந்தது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், சிலைக்குப் பக்கத்தில் என்னை நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். அந்தக் கட்டுரையில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். இந்தச் சரிவில் கட்டடம் இருந்த அடையாளம் ஏதும் இல்லை, ஆகவே சிலை வேறிடத்திலிருந்து கொண்டுவரப்பட்டிருக்கலாம். ஆராய்ச்சியாளர் யாராக இருந்தாலும் எழுத வேண்டிய வாக்கியம்தான். இல்லாததை எழுத எனக்குக் கை வராது.

அந்த ஒற்றை வாக்கியம் போதுமாக இருந்தது. அதிகாரிகள் வந்தார்கள். சிலை விலைமதிப்பற்றது, இங்கே வெயிலிலும் மழையிலும் இருக்கக் கூடாது என்றார்கள். வைக்கோல் பரப்பிய லாரியில் புத்தரைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். காட்டுக்கு வேலி போடுங்கள் என்று கெஞ்சினேன். சிலையைத்தான் பாதுகாக்க முடியும், அது இருந்த இடம் எங்கள் வேலை இல்லை என்று மரியாதையாகச் சொன்னார்கள். பழைய பதிவில் அந்த இடம் கோயில் காடு. இப்போது கோயிலும் இல்லை, சாமியும் இல்லை. ரோட்டுக்கு எதிராக நான் கொடுத்த மனு விசாரணைக்கு வந்தது. ஓட்டல் தரப்பு வக்கீல் எழுந்து, என் கட்டுரையை விரித்து, என் வாக்கியத்தை என் முகத்துக்கு நேராக வாசித்தார். "இது உங்கள் வாக்கியம்தானே, மேடம்?" என்றார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். மனு தள்ளுபடியாகி, ரோட்டுக்கு அனுமதி வந்தும் வேலை தொடங்கவில்லை, மழைக்காலம். அந்த இடைவெளியில் தடை ஏதாவது வாங்கலாம் என்று ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் காட்டுப் பக்கம் போனேன். உள்ளேயிருந்து அரிவாள் சத்தம். ஜேசிபியும் இல்லை, ஓட்டல்காரன் ஆட்களும் இல்லை. அன்று கேள்வி கேட்ட அதே பெண், தலையில் விறகுக் கட்டோடு வெளியே வந்தாள். பின்னால் இன்னும் நான்கைந்து பேர். காட்டு விளிம்பில் யாரும் நிற்கவில்லை, யாரும் சேலையை உதறவில்லை. நான் கத்தினேன். ஊற்று வற்றிப்போகும், உங்கள் தலையில் நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறீர்கள் என்று கத்தினேன். அவள் கட்டை இறக்காமலே நின்று கேட்டுவிட்டு, அமைதியாகச் சொன்னாள்.

"எவனோ வந்து வெட்டிட்டுப் போறதுக்கு, நாங்க அடுப்புக்கு எடுத்துக்கறோமுங்க. அவரு ஒண்ணும் பண்ண மாட்டாருன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

அடிப்பாவி என்று வாய்வரை வந்தது. அவளையா, என்னையா என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டேன்.

புத்தரை ஒருமுறை போய்ப் பார்த்தேன். கீழே ஒரு காட்சிக்கூடத்தில், மாடிப்படிக்கு அடியில், உடைந்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அட்டையில் கண்டறிந்தவர் என்று என் பெயர். நான் நின்ற ஒரு மணி நேரத்தில் அந்தப் பக்கம் ஒருவரும் வரவில்லை. சுத்தமாக இருந்தார். நான் கழுவிய சுத்தம்.

மழை ஓய்ந்து ரோட்டு வேலை தொடங்கியது. கீழ்ப்பக்கம் பாதிக் காடு போய்விட்டது, மேலே ஊற்றைச் சுற்றி மட்டும் கொஞ்சம் மரம் நின்றது. மேனேஜருக்கு இப்போது ஆள் பஞ்சம் இல்லை. ஊர்க்காரர்களே கூலிக்குப் போனார்கள். பூசாரி மட்டும் போகவில்லை. அவரைத் தேடிப்போய், காட்டுக்கு வெளியே பாதையில் பிடித்தேன். வாழ்நாளில் யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டேன். ஒரு கல்லை நடுங்கள் என்றேன். ஊற்றுப் பக்கத்தில். எண்ணெய் சாத்துங்கள், கண் வையுங்கள், மீசை வையுங்கள், கெடா வேண்டுமானால் நானே வாங்கித் தருகிறேன். முனி திரும்பி வந்துவிட்டார் என்று ஊரில் சொல்லுங்கள். எஞ்சியிருக்கிற மரமாவது தப்பட்டும். சொல்லும்போது என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது. ஆனாலும் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன்.

அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. என்மேல் கோபமும் இல்லை.

"நடலாமுங்கம்மா. கல்லுக்கா பஞ்சம்? அதுக்கு நீங்க பயப்படுவீங்களா?"

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது முடியவில்லை. மாட்டேன் என்று தலையாட்டினேன்.

"நானும் அப்படித்தானுங்க" என்றார்.

மேலே ஹாரன் கேட்டது. நாவல் மரத் துண்டங்களை ஏற்றிக்கொண்டு லாரி இறங்கி வந்தது. பாதை குறுகல். நாங்கள் இருவரும் ஓரமாக ஒதுங்கி அதற்கு வழி விட்டோம்.