பாறையில் போட்ட அம்பு

தொழிற்சங்கம் வைத்தவனுக்குத் தென்காசியில் யாரும் வேலை தராதபோது, மிச்சமிருப்பது மற்றவர் பொறுக்கும் கல்லைச் சுமக்கும் தொழில்தான். முழக்கம் போட்டே வேலை இழந்த தோழர்களே, உங்களுக்கு இது புரியும்.

ஐம்பதுகளின் கடைசியில், மலைகளை ஆராயும் சர்க்கார் அதிகாரி ஒருவர் குற்றாலத்தில் வந்து தங்கினார். அவர் உடைக்கும் பாறைத் துண்டுகளைச் சுமக்க நான் போனதற்குக் கூலி மட்டும் காரணமல்ல. மலையடிவாரக் கல்குவாரியில் பெரிய பாறைப் பலகை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே பதினோரு பேர் கல் உடைத்தார்கள். அதைப் பற்றி நான் போட்ட மூன்று துண்டறிக்கைகளும் பொட்டலம் கட்டக்கூட லாயக்கில்லை என்றார் குவாரி முதலாளி. சர்க்கார் அதிகாரி ஒரு வரி எழுதினால் ஆட்களை இடம் மாற்றித்தானே ஆகவேண்டும்?

குளிப்பாட்டிய கற்கள்

பாறையை உடைக்குமுன் அதன்மேல் சுண்ணக்கட்டியால் ஓர் அம்பும் எண்ணும் வரைவார் அதிகாரி. முதல் நாள், மண்ணும் பாசியுமாகக் கொடுப்பது மரியாதையில்லை என்று நினைத்து, எல்லாத் துண்டுகளையும் ஓடையில் தேய்த்துக் கழுவி வரிசையாக வைத்தேன். ஓர் அம்புகூட மிஞ்சவில்லை. மறுநாள் மறுபடியும் மலை ஏறினோம்.

"கல்லு அழுக்கா இருக்கலாம்யா. மலையில அது எந்தத் திசையைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சுன்னு தெரியலைன்னா, அது வெறும் கல்லு."

சிவப்பு மணிகள்

ஒரு கல்லில் கறுப்பும் வெள்ளையுமாக வரிகள்; நடுவே சிவப்பு மணிகள். இது ஒரு காலத்தில் தண்ணீருக்கடியில் படிந்த சேறு என்றார் அதிகாரி. இரண்டு நிலப்பகுதிகள் மோதியபோது பல மைல் ஆழத்துக்குப் புதைந்து, வெந்து, நசுங்கி உருமாறியதாம். அத்தனை ஆழத்துச் சூட்டிலும் அழுத்தத்திலும்தான் அந்த மணிகள் விளையும். அது இன்று வெயிலில் கிடக்கிறதென்றால், அதற்கு மேலே நின்ற மலையெல்லாம் கரைந்து போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஓரணாப் பொதுவுடைமைப் பிரசுரங்களில் படித்தவன் நான், விடுவேனா? சாயங்காலமே குவாரிக்குப் போய், அழுத்தம் சேற்றையே மாற்றும்போது மனிதனை மாற்றாதா என்று அரைமணி நேரம் பேசினேன். ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த முத்தம்மாள் நிமிராமலே சொன்னாள்:

"அமுக்குனா மணி விளையும்னு சொல்லுதீய அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரரு முதுகுல எங்கன விளைஞ்சிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

அறிக்கையில் இல்லாத இடம்

நல்ல சிவப்பு மணி இருக்கிறது என்று பொய் சொல்லி அதிகாரியைக் குவாரிக்குக் கூட்டிவந்தேன். அவர் சாய்வு அளக்கும் கருவியைப் பலகையில் வைத்துப் பார்த்தார். வரிகள் பள்ளத்தை நோக்கிச் சாய்ந்திருந்தன. ஆதியில் மலை எந்தப் பக்கமிருந்து நெருக்கப்பட்டது என்பதை அந்தச் சாய்வை வைத்துக் கணிக்கலாம் என்று மகிழ்ந்தார். இடையிலுள்ள, ஏடு ஏடாக உரியும் மைக்கா அடுக்கில் மழைநீர் இறங்கினால் பலகை வழுக்கி விழும் என்பதையும் அதே மகிழ்ச்சியோடு சொன்னார். அதை எழுதிக் கொடுங்கள் என்றேன்.

"மலை எப்படி உண்டாச்சுன்னுதான் என் அறிக்கையில வரும். ஆள் எப்படிச் சாவான்னு எழுத அதுல இடமில்லையே."

அருவிக்கும் அழியாதது

அதிகாரி ஊருக்குப் போய்விட்டார். பலகை விழப்போகும் ரகசியத்தைக் கல்லுடைப்பவர்களின் மூத்தவர் மாடசாமியிடம் பெருமையாகச் சொன்னேன். "தட்டுனாலே சத்தத்துல தெரியுது. தெரிஞ்சுதான் நிக்கோம்" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆளில்லாத நேரத்தில், சுவரில் முழக்கம் எழுதும் சிவப்புப் பெயிண்டை எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பலகையில் அதிகாரியைப் போலவே ஓர் அம்பும் எண்ணும் எழுதினேன். அதிகாரி குவாரிக்கு வந்துபோனதை அறிந்திருந்த முதலாளி திங்கட்கிழமை அதைப் பார்த்தார். சர்க்கார் குறி போட்ட பாறையில் கைவைத்தால் குத்தகை போய்விடும் என்று பயந்து, பதினோரு பேரையும் எதிர்ப்பக்கம் அனுப்பினார். ஐப்பசி மழையில் பலகை விழுந்தது. கீழே ஒரு கூடையும் ஒரு சம்மட்டியும்தான் நசுங்கின. மாடசாமி என் கைவிரலில் ஒட்டியிருந்த பழைய பெயிண்டைப் பார்த்தார்.

"இத்தனை வருசமா எழுதுதீய அண்ணாச்சி. முதலாளி படிச்சது இது ஒண்ணுதான்."

நான் எழுதியதில் பலித்தது அந்த ஓர் அம்பும் எண்ணும் மட்டுமே. அதற்கும் ஊர் சர்க்காருக்குத்தான் நன்றி சொன்னது.