தொங்குபாலத்தின் கிழக்கு ஓரம்

மீன்வாடை அடித்தால் எனக்கு இன்றும் வெள்ளாற்றுத் தொங்குபாலம்தான் ஞாபகம் வரும். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அந்தப் பழைய பாலத்தைச் சோதித்துப் பழுதுபார்க்க ஓவர்சியராகப் போனேன்.

மேற்கு ஓரத்துக் கம்பிகள் நன்றாகவே இருந்தன. கிழக்கு ஓரத்தில் மட்டும் அடிப்பக்கம் துருவேறி, கை பட்டாலே உதிர்ந்தது. காரணம் மறுநாள் காலையில் தெரிந்தது. கடற்கரையிலிருந்து மீன்கூடை சுமந்து வந்த பெண்கள் எல்லாரும் அந்த ஓரமாகவே நடந்தார்கள். கூடைகளிலிருந்து உப்புத் தண்ணீர் கம்பிகளில் சொட்டியது.

"நடுவுல நடந்தா என்னம்மா?" என்று எரிச்சலோடு கேட்டேன்.

"கோயிலுக்கு, பள்ளிவாசலுக்குன்னு குளிச்சுட்டுப் போறவுக மேல தண்ணி பட்டுரும்ல ஐயா. அதான் நாங்க இங்கிட்டே ஒதுங்கிக்கிறது," என்றார் முன்னால் வந்த காளியம்மா.

"அந்தத் தண்ணிதான் பாலத்தையே தின்னுருச்சு. வேலை முடிஞ்சாலும் கூடையோட யாரையும் விடமாட்டேன்."

அவர் தலையிலிருந்த கூடையின் அடியைத் தடவிப் பார்த்துவிட்டு நடந்தார். பாலத்தை விட்டுச் சுற்றிப் போனால் சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் மீன் கெட்டுவிடும் என்பது எனக்கும் தெரியும்.

கம்பிகளை மாற்றிப் பாலத்தைத் திறந்த அன்று அவர்கள்தான் முதலில் வந்து நின்றார்கள். ஒவ்வொரு கூடைக்கு அடியிலும் ஒரு தகரத் தட்டு இருந்தது. தண்ணீர் அதிலேயே தேங்கியது.

"தலைக்குத்தான் கொஞ்சம் கனம். ஒங்க கம்பிக்கு ஒண்ணும் ஆகாதுங்க. போகலாங்களா?" என்றார் காளியம்மா.

நான் விலகி வழிவிட்டேன். அன்றும் அவர்கள் கிழக்கு ஓரமாகவே நடந்து போனார்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ பாலங்களுக்குப் பாரக் கணக்குப் போட்டிருக்கிறேன். அந்தத் தகரத் தட்டுகளின் கனத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.