தட்டிலேயே கை கழுவுகிறவர்

ஆத்தூர் சுருளிவேல் முப்பத்தொரு வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். வத்தலக்குண்டு - திண்டுக்கல் தடத்தில் அவர் வண்டியில் ஏறி எவனாவது ஜன்னல் வழியாக வெற்றிலை எச்சிலைத் துப்பினால் அடுத்த நிறுத்தத்திலேயே இறக்கிவிட்டுவிடுவார். அவ்வளவு சுத்தக்காரர். அந்தச் சுத்தக்காரர்தான் நாள் முழுக்க விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு டிக்கெட் கிழித்தார் என்பது வேறு விஷயம். பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸில் ‘சாப்பிட்ட இலையை எடுக்கவும்’ என்று பலகை தொங்கும். அதற்குக் கட்டுப்பட்டு இலையை மடித்துத் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் குழாய்க்குப் போவார். வீட்டில் அப்படி ஒரு பலகை இல்லாமல் போனது அவர் மனைவி ராமுத்தாயின் தலையெழுத்து.

வீட்டில் சாப்பிட்டு முடித்ததும், உட்கார்ந்த இடத்திலேயே சொம்புத் தண்ணீரைத் தட்டில் ஊற்றிக் கை கழுவுவார். வாயைக் கொப்பளித்து அதிலேயே துப்புவார். பிறகு தட்டைத் தள்ளிவிட்டு ஏப்பம் விட்டபடி எழுந்து போவார். கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தட்டை எடுத்தவள் ராமுத்தாய்.

போன ஐப்பசி மழையில், அப்படி ஒரு தட்டோடு கொல்லைக்குப் போனவள் பாசி வழுக்கி விழுந்தாள். தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து, மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் மகள் பானுப்ரியா பதினைந்து நாள் கூட இருந்தாள். லீவு முடிந்ததும் தன் ஏற்பாட்டைச் சொன்னாள். இரண்டு வாரத்தில் கார் கொண்டுவந்து அம்மாவைத் திருப்பூருக்கே கூட்டிப் போய்விடுவாள்; அப்பா மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொள்ளட்டும். வர இஷ்டமா என்று ராமுத்தாயை யாரும் கேட்கவில்லை. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சுருளிவேலுக்கு உள்ளூர நிம்மதி. அந்த அறையில் வீசிய மூத்திர வாடை அவருக்குக் குமட்டியது. நிலைப்படியைத் தாண்டாமல், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ‘வலி எப்படி இருக்கு’ என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசுகிற மனுஷனை என்னவென்று சொல்வது?

மகள் போனபின் பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் காலையும் மாலையும் வந்து ராமுத்தாய்க்குத் துணி மாற்றினாள். இரண்டு பேருக்கும் சோறும் கொண்டுவந்து வைத்தாள். ஆனால் சுருளிவேல் தள்ளிவிட்ட தட்டைத் தாண்டித்தான் போனாள், தொடவில்லை. ஏனென்று அவர் கேட்டதற்கு நேராகவே சொன்னாள்.

“ராமுத்தாயி பீத்துணிய அலசுவேன், அது சீக்கு. இது சீக்கு இல்லையில்ல.”

மூன்றாம் நாள் காலை ராமுத்தாய்க்குக் கஞ்சி ஊற்ற வீட்டில் தட்டு இல்லை. நாலு தட்டும் சுவரோரம் வரிசையாகக் கிடந்தன. சுருளிவேல் முதல் தட்டைக் குனிந்து எடுத்தார். கலங்கிய தண்ணீரில் சோற்றுப் பருக்கைகள் ஊதிப்போய் மிதந்தன. மீன் முள், கடித்துத் துப்பிய மிளகாய், மேலே எண்ணெய்ப் படலம். புளித்த நாற்றத்தோடு ஈக்கள் எழும்பி அவர் உதட்டிலேயே உட்கார்ந்தன. தண்ணீர் தளும்பி மணிக்கட்டு வழியாக முழங்கைவரை வழிந்தது. அப்படியே கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தார். அடுத்தவன் எச்சில் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கலாம். இது அவர் எச்சில். தன்மேலேயே இவ்வளவு அருவருப்பு வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

நாலு தட்டையும் தேய்த்துக் கழுவிவிட்டு, முதல் தடவையாக நிலைப்படியைத் தாண்டிப்போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“ஒனக்கு அருவருப்பா இருந்ததே இல்லியா?”

ராமுத்தாய் அவர் பக்கம் முகத்தைத் திருப்பினாள். “கல்யாணமான மொத மாசமே அந்தத் தட்ட எடுத்துட்டுப் போயி வாந்தி எடுத்தேன். மசக்கைன்னு ஒங்கம்மா தெருவுக்கே சக்கரை குடுத்தாக.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே மகளுக்குப் போன் போட்டு, அம்மாவைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். குடிக்கிற தண்ணீரைக்கூட மொண்டு குடித்திராத நீங்கள் என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டுவிட்டு, கார் வரத்தான் செய்யும் என்று அவள் போனை வைத்தாள்.

அதற்கு மேல் அவர் யாரிடமும் பேச்சு வளர்க்கவில்லை. வியாகுலம்மாளிடம் கேட்டுக் கேட்டு, மலச்சட்டி வைப்பது, புண் வராமல் ஒருக்களித்துப் படுக்கவைப்பது, துணி அலசுவது எல்லாம் கற்றுக்கொண்டார். முதல் நாலு நாள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டும் குமட்டியது. ஐந்தாம் நாள், அவள் கண்ணுக்குத் தெரிவது அந்தத் துண்டுதான் என்று உறைத்தது, அவிழ்த்துவிட்டார். குமட்டல் நின்றதா என்றால் இல்லை. குமட்டினாலும் செய்தார். சோறு குழைந்தது, தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனம் கருகியது. ராமுத்தாய் சாப்பிட்டாளே தவிர, இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை, போகிறேன் என்றும் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. பானுப்ரியா விறுவிறுவென்று அம்மாவின் சேலைகளைப் பையில் திணித்தாள். கட்டிலில் தலையணையில் சாய்ந்து ராமுத்தாய் அவர் வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டு முடித்தாள். பிறகு சொம்பை எடுத்தாள். தட்டிலேயே தண்ணீர் ஊற்றி, அவசரமில்லாமல் விரல் விரலாகக் கை கழுவினாள். வாயைக் கொப்பளித்து அதிலேயே துப்பினாள்.

பானுப்ரியா தட்டை வாங்கக் கை நீட்டினாள்.

“நீ விடு. அவுக எடுப்பாக.”

தட்டு சுருளிவேல் பக்கம் நீண்டது. பருக்கையும் முள்ளும் மிதந்தன. அவர் துண்டைத் தேடவில்லை. சிந்தாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தார்.

குழாயைத் திறக்கும்போது உள்ளே ராமுத்தாய் மகளிடம் சொல்வது கேட்டது.

“பையிலருந்து அந்தச் சேலையெல்லாம் எடுத்து வெளிய வையி.”