சரி என்று சொன்ன தப்புகள்

என் அக்காவைத் தேர்வில் தோற்கடித்தவன் நான். சிறுபிள்ளை அறியாமல் செய்தது என்று எனக்காக யாரும் பரிந்து பேச வேண்டாம். அறிந்தேதான் செய்தேன்.

அக்கா திண்டிவனத்தில் நர்ஸாக இருந்தாள். நெதர்லாந்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஆள் எடுத்தார்கள். டச்சு மொழியில் வாய்மொழித் தேர்வு உண்டு. தேறினால் போகலாம், இல்லாவிட்டால் திருவெண்ணெய்நல்லூர் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்றார் அப்பா.

"தேறிக் காட்டுறேன், பாருங்க" என்றாள் அக்கா.

லீவு போட்டுவிட்டு விழுப்புரத்து வீட்டில் உட்கார்ந்து படித்தாள். ஒருமை பன்மைகளையும் வினைச்சொற்களின் இறந்தகால வடிவங்களையும் தமிழ் எழுத்தில் எழுதி என் கையில் கொடுத்தாள். மல்லாட்டைக் கடலையை உரித்தபடி அவள் ஒப்பிப்பாள். நான் சரிபார்க்க வேண்டும். குழந்தை 'கிண்ட்', குழந்தைகள் 'கிண்டரன்'. நகரம் 'ஸ்டாட்', நகரங்கள் 'ஸ்டேடன்'. அவள் 'ஸ்டாடன்' என்றாள். நான் சரி என்றேன்.

அவள் கப்பலேறிப் போவது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு தப்புகளையெல்லாம் சரி என்றேன். சரியாகச் சொன்னவற்றில் சிலதைத் தப்பு என்றேன்.

"தாளைக் குடுடா, ஒரு தரம் பாத்துக்கினு தர்றேன்."

"பாத்தா மனசுல நிக்காதுக்கா. நீதான சொன்ன?"

"பெரிய வாத்தியாரு இவரு!" என்று சிரித்தாள். தாளைக் கேட்பதை விட்டுவிட்டாள்.

தேறவில்லை. அவள் அழுதாள், நான் உள்ளுக்குள் குதித்தேன். கல்யாணம் ஆனாலும் வீட்டை விட்டுப் போய்விடுவாள் என்பதுகூட அந்த மண்டைக்கு எட்டவில்லை.

எத்தனையோ வருஷம் கழித்து, போன மாதம், டச்சு கற்பவர்களுக்கான புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டு திருவெண்ணெய்நல்லூரில் அக்கா வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"டீச்சர் டிரெயினிங்குக்குக் கூப்பிட்டாங்க, போவல. பஞ்சாயத்து எலெக்சன்ல நிக்கச் சொன்னாங்க, நிக்கல. படிச்சது எதுவும் நம்ம மண்டையில தங்காதுன்னு நெனச்சிக்கினே கிழவி ஆயிட்டேனேடா!"

நான் தடுத்தது ஒரு பயணத்தை மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"மன்னிச்சுடுக்கா. இப்பவாவது நான் ஒழுங்கா கேள்வி கேக்கறேன்."

"மன்னிக்க மாட்டேன். பொஸ்தகத்த வெச்சிட்டு எழுந்து போ."

நேற்று அவள் மகள் போன் செய்தாள்.

"மாமா, அம்மா அந்த பொஸ்தகத்த முடிச்சிட்டாங்க. இப்ப போன்ல டச்சு படிச்சிக்கினு ஒரே பேஜாரு. சரியா தப்பான்னு போனே சொல்லிடுதாம். உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க."