காத்திருந்த எழுத்துகள்

வீரபாண்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். பனியன் துணிக்குச் சாயம் ஏற்றும் ஒன்பது பெரிய மெஷின்கள் அங்கே உண்டு. அவற்றை ஓட்டுகிற நிரல், எனக்கு முன்னால் இருந்தவர் லினக்ஸில் எழுதிவைத்தது. அவர் பெங்களூர் போன பிறகு அது என் பொறுப்புக்கு வந்தது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. மவுஸ் கிடையாது. நிரல் ஒரு கேள்வி கேட்கும், ஆபரேட்டர் ‘ஒய்’ அல்லது ‘என்’ அடித்து என்டரைத் தட்டுவார், மெஷின் அதன்படி நடக்கும்.

நாலாம் நம்பர் மெஷினுக்கு ஆபரேட்டராக இருந்தவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஐம்பது வயதை நெருங்கியவர். குடும்பத்தோடு இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. என்னைவிட வயதில் எவ்வளவோ மூத்தவர், ஆனாலும் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை அண்ணா என்பேன். ஒற்றை விரலால் அடித்தாலும் அவர் அடித்ததில் பிழை பார்த்ததில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். நான் ஆபீஸில் இருந்தேன். அவரிடமிருந்து போன் வந்தது.

“மேடம், ஸ்கிரீன் அப்படியே நின்னுட்டு. நானும் அமுக்கி அமுக்கிப் பாக்கேன், ஒண்ணும் அசைய மாட்டேங்கு.”

போய்ப் பார்த்தேன். கண்ணாடி அடைத்த சின்ன அறை. வெப்பநிலையைக் காட்டும் வரிகள் பாதியில் நின்றிருந்தன. கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லை என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. “கடைசியா என்னங்கண்ணா அமுக்குனீங்க?” என்று கேட்டேன்.

“சேவ் பண்ணுனேன் மேடம். கண்ட்ரோலும் எஸ்ஸும்.”

லேபில் இருந்த விண்டோஸ் கம்ப்யூட்டரில் நிறக் கணக்கைப் பதிவதும் அவர் வேலைதான். அங்கே அந்த இரண்டு விசையையும் சேர்த்து அமுக்கினால் சேவ் ஆகும். இந்தக் கறுப்புத் திரையில் அதற்கு வேறு அர்த்தம். திரைக்கு எதையும் அனுப்பாதே, நிறுத்திவை என்று இயங்குதளத்துக்குச் சொல்வது அது. கண்ட்ரோலும் கியூவும் அமுக்கினால் மறுபடி ஓடத் தொடங்கும். இதைப் பலருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவருக்குச் சொன்னேனா என்பது இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.

“ஒண்ணுமில்லீங்கண்ணா, இருங்க” என்று சொல்லிவிட்டுக் குனிந்து அந்த இரண்டு விசையையும் நானே அமுக்கினேன்.

நின்றிருந்த வரிகள் மளமளவென்று ஓடின. அதன் பின்னால் ஒரு கேள்வி வந்தது, நிறம் ஒத்துப்போகிறதா என்று. யாரும் கை வைக்காமலே அதன் பக்கத்தில் ‘ஒய்’ என்று விழுந்தது. இந்தக் கட்டத்தை முடிக்கலாமா என்று அடுத்தது வந்தது. அதற்கும் ஒய். நேரம் இன்னும் பாக்கி இருக்கிறது, இருந்தாலும் தண்ணீரை வடிக்கலாமா என்பது மூன்றாவது. அதற்கும் ஒய். நான் வாசித்து முடிப்பதற்குள் மூன்றும் மேலே போய்விட்டன. வால்வு திறக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு மனிதரின் குரல்.

மெஷினுக்கு அடியில் ஒரு வடிகால் ஓடுகிறது. துணியிலிருந்து உதிரும் பஞ்சு அதன் கம்பியில் அடைத்துக்கொள்ளும். மெஷின் வடிக்காமல் நிற்கிற நேரம் பார்த்து ஆள் இறங்கி அதை வழித்தெடுப்பது அங்கே வழக்கம். அன்றைக்கு இறங்கியிருந்தவர் ஒடிசாக்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும். இன்னும் முக்கால் மணி நேரம் தண்ணீர் வராது என்று ஆபரேட்டரிடம் கேட்டுக்கொண்டுதான் இறங்கினார். கொதிக்கிற கருநீலச் சாயத் தண்ணீர் அவர் முழங்காலுக்குக் கீழே மொத்தமாக இறங்கியது.

அவரை மேலே தூக்கியது ஆபரேட்டர்தான். அப்படித் தூக்கும்போது ஆபரேட்டரின் இரண்டு கைகளும் வெந்தன. நான் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வால்வை மூடும் கட்டளை எனக்குத் தெரியும். அதை அடிக்க வேண்டும் என்று தோன்றியபோது தொட்டி காலியாகிவிட்டிருந்தது.

ஒடிசாக்காரரைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலை முதலாளி ஆபரேட்டரையும் என்னையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டார். அறுபது வயதுக்காரர், சத்தம் போட்டுப் பேசாதவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“வடிக்கறதுக்கு ஒய் அடிச்சது யாருங்க?”

“நான்தான் முதலாளி அமுக்குனேன்” என்றார் ஆபரேட்டர். கைகளில் கட்டு இருந்தது. “ஸ்கிரீன் நின்னுட்டுன்னு நாலஞ்சு தடவை ஒய்யும் என்டரும் அமுக்குனேன். வடிக்கணும்னு அமுக்கல. ஆனா அமுக்குனது நான்தான்.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “கம்ப்யூட்டர்ல ஏதாவது கோளாறு இருக்குதா கண்ணு?”

“கம்ப்யூட்டர்ல கோளாறு இல்லீங்க” என்றேன்.

அது பொய் இல்லை. கம்ப்யூட்டர் அதன் விதிப்படிதான் நடந்தது. ஆனால் அவர் கேட்டதன் பொருள் எனக்குப் புரிந்தது, நான் சொன்னது அதற்கான பதில் இல்லை என்பதும் தெரிந்தது. ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று விபத்து அறிக்கையில் எழுதினார்கள். இனி வர வேண்டாம் என்று அன்றைக்கே அவருக்குச் சொல்லிவிட்டார்கள்.

அன்று பிற்பகல் நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தேடிக் கண்டுபிடிக்க அதில் ஒன்றும் இல்லை. நாம் அடிக்கிற எழுத்து நேராக நிரலுக்குப் போவதில்லை. நடுவில் இயங்குதளம் அதை வாங்கி வரிசையில் வைத்துக்கொள்கிறது. என்டர் தட்டியதும் அந்த வரி தயாராகிவிடும். நிரல் கேட்கும்போது எடுத்துக் கொடுக்கும். எந்தக் கேள்விக்கு அடித்த பதில், எப்போது அடித்தது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. திரை நின்றதால் நிரலும் எழுத வழியில்லாமல் நின்றுபோனது. அவர் அடித்தது எதுவும் திரையில் தெரியவில்லை. ஆனால் எதுவும் தொலையவும் இல்லை. நான் திரையைத் திறந்துவிட்ட உடனே நிரல் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டது, காத்திருந்த பதிலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது.

கேள்வி கேட்பதற்கு முன்னால் பழைய வரிசையைக் கொட்டிவிடு என்று சொல்ல ஒரு வரி போதும். அந்த வரி நிரலில் இல்லை. இல்லை என்பது எனக்கு முன்பே தெரியும். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஏழாம் நம்பரில் ஒரு கேள்வி தானாகப் பதில் வாங்கிக்கொண்டு போனது. துணி ஒரு அலசலைத் தவறவிட்டது, அவ்வளவுதான். காரணத்தை அன்றைக்கே கண்டுபிடித்து, சரிசெய்ய வேண்டும் என்று என் நோட்டில் எழுதிவைத்தேன். அதற்கு எல்லா மெஷினையும் அரைநாள் நிறுத்த வேண்டும். ஏற்றுமதி அவசரத்தில் அதைக் கேட்க எனக்குத் தயக்கமாக இருந்தது. பிறகு மறந்தும் போனேன்.

பன்னிரண்டு நாள் கழித்து ஆபரேட்டரின் வீட்டுக்குப் போனேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்று. அவர் மனைவி “இரிங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு அடுப்பில் காபி வைத்தார். ஆபரேட்டர் கட்டிலில் இருந்தார். கைகளில் தோல் உரிந்து புதுத்தோல் வந்துகொண்டிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். கண்ட்ரோல் எஸ், வரிசை, ஏழாம் நம்பர், நோட்டு, நான் அமுக்கியது. முடித்ததும் அவர் கேட்டார்.

“அப்போ நான் அமுக்குனது எல்லாம் உள்ள அப்படியே காத்துக்கிட்டு கிடந்துச்சா?”

“ஆமாங்கண்ணா.”

“ஸ்கிரீன்ல ஒண்ணுமே காட்டலியே மேடம்.”

“காட்டாதுங்கண்ணா. நின்னு போனா அதையும் காட்டாது.”

“இது அன்னைக்கு முதலாளிகிட்ட நிக்கும்போதே ஒங்களுக்குத் தெரியுமா?”

தெரியும் என்றேன். அவர் மனைவி அடுப்படிப் பக்கம் நகர்ந்தார். எனக்கு வைத்திருந்த காபியை அவர் கொண்டுவரவில்லை.

“பன்னெண்டு நாளா கண்ணை மூடுனா அந்தப் பய கத்துறதுதான் கேக்கு” என்றார் ஆபரேட்டர். “நான்தான் அவன் காலை வேகவச்சுப்போட்டேன்னே நெனச்சிட்டிருந்தேன். நீங்க அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.” கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அங்கே உட்கார்ந்திருப்பது எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மறுநாள் முதலாளியிடம் போய் அதையே சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“இப்ப இதை எழுதிக் குடுத்தா என்னாகும்னு தெரியுமுங்களா? ஒம்பது மெஷினையும் சீல் வெச்சுருவாங்க. நூத்தம்பது பேர் ஊட்டுல அடுப்பு எரியாது. உனக்குமே நல்லதில்ல கண்ணு.”

“தெரியுமுங்க.”

“அப்பறமும் எழுதோணுமா?”

“எழுதோணுமுங்க.”

தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதி அனுப்பினேன், அவர் வந்தார். அதே திரைக்கு முன்னால் நின்று, தண்ணீர் இல்லாத மெஷினில், நடந்ததைத் திரும்பச் செய்து காட்டினேன். மூன்று ஒய்களும் தாமாகவே விழுந்ததை அவர் தன் கண்ணால் பார்த்தார். ஒரு முறை அவரே அடித்துப் பார்த்தார். என் வாக்குமூலத்தை வாங்கிக்கொண்டு போனார். பட்டறைக்கு யாரும் சீல் வைக்கவில்லை. அறிக்கையில் ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று இருந்ததை நிரலின் குறைபாடு என்று மாற்றினார்கள். ஆபரேட்டரைத் திரும்பக் கூப்பிட்டார்கள், அவர் வர மறுத்துவிட்டார். இப்போது காங்கேயம் ரோட்டில் ஒரு கம்பெனியில் துணி மடிக்கிறார் என்று கேள்வி.

நிரலைத் திருத்தி, ஒன்பது மெஷினிலும் சோதித்து முடித்ததும் எனக்கும் அங்கே வேலை இல்லை என்றாகிவிட்டது. கடைசி வாரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒடிசாக்காரரின் பக்கத்தில் அவருடைய அண்ணன் இருந்தார். இரண்டு கால்களிலும் தோல் ஒட்டியிருந்தார்கள். வலது பாதம் மடங்காது என்று சொல்லிவிட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த கொஞ்ச இந்தியில், அந்தப் பொத்தானை அமுக்கியது நான் என்று சொன்னேன். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம்பி மட்டும் என்னைப் பார்த்தார். மூன்று வருடத்தில் கற்றுக்கொண்ட தமிழில் கேட்டார்.

“மேடம், நாலாம் நம்பர் கால்வா இப்ப யாரு சுத்தம் பண்ணுது?”

புதிதாக ஒருவர் வந்திருக்கிறார் என்றேன்.

“அவருகிட்ட சொல்லியாச்சா?”

நான் சொல்லவில்லை. ஒருவரும் சொல்லவில்லை. அன்று பிற்பகலே பட்டறைக்குத் திரும்பி, புது ஆளை வடிகால் ஓரத்தில் நிற்கவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வால்வுக்கு ஒரு பூட்டுப் போட வேண்டும், இறங்குகிறவர் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டேன். பார்க்கலாம் என்றார். பூட்டு போட்டார்களா என்று எனக்குத் தெரியாது. அடுத்த மாதம் அண்ணனும் தம்பியும் ரயிலேறி ஊருக்குப் போய்விட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.